உலகப் பொருளாதார மந்தம் முதல் உலகப் போர் வரை: இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தின் பொருளியல் மாற்றம் (1929–1945)

ஆய்வுச்சுருக்கம்

1929-இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம், பருத்தியையும் நெல்லையும் விளைவித்த தென்தமிழக ஊர்களை விலைவீழ்ச்சியின் வழியாக வந்தடைந்தது. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் திருவில்லிபுத்தூர் வட்டத்தில் அடங்கியிருந்த இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய இரு ஊர்களைக் களமாகக் கொண்டு, மந்தம், மீட்சி, போர்க்காலம் என்னும் மூன்று கட்டங்களிலும் நிலம், கடன், ஆலை, தறி ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட உறவுமாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. மீட்சி என்பது எல்லாருக்கும் ஒரே காலத்தில், ஒரே அளவில் வாய்க்கவில்லை. நிலமும் முதலும் உடையோர் அதனை முதலில் பெற்றனர். கூலி உழவரும் கைத்தறி நெசவாளரும் மந்தத்தின் சுமையைப் போர்க்காலம் வரை சுமந்தனர் என்பது இக்கட்டுரையின் முடிபு. அமெரிக்காவின் புதிய உடன்பாட்டுத் திட்டங்களோடு ஒப்பிட்டு இம்முடிபு வலுப்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொருளாதார மந்தம், கம்போடியாப் பருத்தி, விவசாயக் கடன் நிவாரணச் சட்டம், நூற்பாலை, கைத்தறி, போர்க்காலப் பங்கீடு

1. முன்னுரை

1930-களின் பொருளாதார மந்தத்தைப் பற்றிப் பேசும்போது நியூயார்க்கின் பங்குச் சந்தையும், மூடப்பட்ட வங்கிகளும், இலவச உணவுக்காக நின்ற வரிசைகளுமே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. வேளாண்மையை நம்பிய குடியேற்ற நாடுகளில் மந்தத்தின் வடிவம் வேறு. அங்கே வயல் விளைந்தது. விளைந்ததற்கு விலை இல்லை. பஞ்சம் என்றால் விளைச்சல் பொய்ப்பது என்றே அறிந்திருந்த உழவர், களஞ்சியம் நிறைந்திருக்கும்போதே கையில் காசில்லாமல் போகும் புதிய துன்பத்தை அப்போது கண்டனர்.

தமிழகத்தில் இக்காலத்தைப் பற்றிய ஆய்வுகளில் கிறிஸ்டோபர் பேக்கர் தமிழ்நாட்டு ஊரகப் பொருளாதாரம் குறித்து எழுதிய நூலும், கா. அ. மணிக்குமார் சென்னை மாகாணத்தின் மந்தக்காலம் குறித்து எழுதிய நூலும் முதன்மையானவை. இந்திய அளவில் டயட்மர் ரோதர்மண்டின் ஆய்வு குறிப்பிடத்தக்கது. இவை மாகாணத்தையும் நாட்டையும் அலகாகக் கொண்டவை. ஒரே வட்டத்துக்குள் சில கல் தொலைவில் அமைந்த இரு ஊர்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மந்தம் யாரைத் தாழ்த்தியது, மீட்சி யாரை உயர்த்தியது என்னும் வினாக்களுக்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கும். இக்கட்டுரை அந்நோக்கில் அமைகிறது.

2. களம்: ஒரு வட்டம், இரு ஊர்கள்

1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது, திருநெல்வேலியைச் சேர்ந்திருந்த திருவில்லிபுத்தூர் வட்டம் புதிய மாவட்டத்துக்கு வந்தது. இவ்வட்டத்தின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதிலிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்ப, அவற்றின் கீழ் நெல் விளைந்தது. கிழக்கே செல்லச் செல்ல நிலம் கரிசலாக மாறும். அங்கே பருத்தியும் கம்பும் சோளமும் மானாவாரியாக விளைந்தன. சேத்தூர், கொல்லங்கொண்டான் முதலிய பழைய பாளையங்கள் ஜமீன்களாகத் தொடர்ந்தன. ஏனைய பகுதிகளில் ரயத்துவாரி முறை நிலவியது.

திருவில்லிபுத்தூர் பழமையான கோயில் ஊர், வட்டத்தின் தலைமையிடம். வட்டாட்சியர் அலுவலகமும் முன்சீப் நீதிமன்றமும் அங்கே இருந்தன. 1875-இல் தோன்றிய பென்னிங்டன் நூலகம் அவ்வூரின் கற்ற வகுப்பினருக்குக் கூடுமிடமாயிற்று. ஊரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் கைத்தறி நெசவு நெடுங்காலமாக நடந்து வந்தது. இராஜபாளையம் இதனின் வேறுபட்டது. விசயநகரக் காலத்துக்குப்பின் தெற்கே வந்து குடியேறிய தெலுங்கு பேசும் ராஜுக்கள் நிலவுடைமையாளராக நிலைபெற்ற ஊர் அது. அவர்களுடைய செல்வம் கண்மாய்ப் பாசன நெல்லிலும், தோட்டப் பயிரிலும், பருத்தியிலும், அவற்றை ஈடாகக் கொண்ட கடன் கொடுக்கல் வாங்கலிலும் தங்கியிருந்தது. 1927-இல் விருதுநகரையும் தென்காசியையும் இணைத்த இருப்புப்பாதை இவ்விரு ஊர்களின் வழியாகவே சென்றது. மந்தம் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த அப்பாதை, வட்டாரப் பருத்தியைத் தூத்துக்குடித் துறைமுகத்தோடும் மதுரை ஆலைகளோடும் நெருக்கமாகப் பிணைத்தது.

இவ்விடத்தில் பருத்தியைப் பற்றி ஒரு செய்தி கருதத்தக்கது. கரிசல் நிலத்துக்குரிய நாட்டுப் பருத்தி கருங்கண்ணி. கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது கம்போடியாப் பருத்தி. பெயர் கம்போடியா எனினும் அதன் தாயகம் அமெரிக்கா; அமெரிக்கத் தென்மாநிலங்களில் விளையும் மேட்டுநிலப் பருத்தியினத்தைச் சேர்ந்தது அது. நீண்ட இழையுடைய அப்பருத்தியின் விலை, அமெரிக்கப் பருத்தியின் விலையை ஒட்டியே ஏறி இறங்கியது. டெக்சாஸிலும் மிசிசிப்பியிலும் பருத்தி மலிந்தால், அந்த மலிவு லிவர்ப்பூல், பம்பாய்ச் சந்தைகளின் வழியே இராஜபாளையத்துத் தோட்டக்காரரின் களத்துக்கு வந்து சேரும். மந்தத்துக்கு முன்பே இவ்வட்டாரம் உலகச் சந்தையின் கயிற்றில் கட்டுண்டிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

3. விலைவீழ்ச்சியும் நிலவரியும்

1914-ஆம் ஆண்டை 100 எனக் கொண்ட கல்கத்தா மொத்தவிலைக் குறியீடு 1929-இல் 141 ஆக இருந்தது. 1933-இல் 87 ஆகக் குறைந்தது. இது எல்லாப் பொருள்களுக்குமான சராசரி. வேளாண் விளைபொருள்களின் வீழ்ச்சி இதனினும் கடுமையானது. நெல், நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றின் விலைகள் ஏறத்தாழப் பாதியாயின. அமெரிக்காவில் 1929-இல் இராத்தல் ஒன்றுக்குப் பதினாறு, பதினேழு சென்ட் விற்ற பருத்தி, 1931–32-இல் ஆறு சென்ட் அளவுக்கு வீழ்ந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் மலிவாக வந்திறங்கிய அரிசி, தமிழகத்து நெல்விலையை மேலும் அழுத்தியது.

விலை வீழ்ந்தால் எல்லாமே மலிவாகும். அதனால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு இரு இடங்களில் இருந்தது. ஒன்று வரி, மற்றொன்று கடன். இரண்டும் பணத்தில் நிலையாக வரையறுக்கப்பட்டவை. ரயத்துவாரித் தீர்வை விளைச்சலில் பங்காக அன்றிப் பல ஆண்டுகளுக்கு முன் கணித்த ரூபாய்த் தொகையாக வசூலிக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கொள்வோம். ஓர் உழவரின் தீர்வை 10 ரூபாய். நெல் மூட்டை 5 ரூபாய் விற்றபோது இரண்டு மூட்டையை விற்று அவர் வரியைச் செலுத்தினார். மூட்டை இரண்டரை ரூபாய்க்கு இறங்கியபோது அதே வரிக்கு நான்கு மூட்டை தேவைப்பட்டது. அரசு வரியை ஒரு காசும் உயர்த்தவில்லை. எனினும் உழவரைப் பொறுத்தவரை வரி இரட்டித்தது.

இதன் பின்னணியில் ரூபாயின் மதிப்புப் பற்றிய கொள்கை இருந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு சில்லிங் ஆறு பென்சு என்னும் உயர்ந்த மாற்று விகிதத்தைப் பிரித்தானிய அரசு விடாமல் காத்தது. 1931 செப்டம்பரில் பிரித்தானியா தங்க அளவையைக் கைவிட்டபோதும் ரூபாய் அதே விகிதத்தில் ஸ்டெர்லிங்கோடு பிணைக்கப்பட்டது. இந்தியாவின் கடன் தவணைகளும் ஓய்வூதியங்களும் இலண்டனுக்குத் தடையின்றிச் செல்ல இது உதவியது. உள்நாட்டு விலைகளை உயர்த்தக்கூடிய நாணயத் தளர்வுக்கு இடமில்லாமற் போயிற்று. 1933-இல் பதவியேற்ற ரூஸ்வெல்ட், டாலரின் தங்கமதிப்பைக் குறைத்து விவசாய விலைகளை உயர்த்த முயன்றார். தன் நாணயத்தைத் தானே ஆளும் உரிமை அமெரிக்காவுக்கு இருந்தது. திருவில்லிபுத்தூர் உழவரின் ரூபாயை ஆண்டது இலண்டன்.

4. கடனும் தங்கமும்

இவ்வட்டாரத்தில் கடன் பல வடிவங்களில் நிலவியது. நிலத்தை ஈடு வைத்தல், நிலத்தின் விளைவை வட்டிக்காகக் கடன் கொடுத்தவரே அனுபவிக்கும் ஒற்றி, கைமாற்று, புரோநோட்டு ஆகியன அவை. விதைப்பின்போது உழவருக்கும், நூல் வாங்குகையில் நெசவாளருக்கும் கடனே முதல். மாகாண வங்கி விசாரணைக் குழு 1930-இல் சென்னை மாகாணத்தின் ஊரகக் கடனை 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 1935-இல் சத்தியநாதன் அளித்த அறிக்கை அதனை 200 கோடி ரூபாய் என்றது. புதிதாகக் கடன் கொடுப்போர் அருகிய காலத்தில் கடன்தொகை ஏறியதற்குக் காரணம், கட்டப்படாத வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனதுதான்.

கடன் கொடுத்தவர்களும் இக்காலத்தில் நெருக்கடியில் இருந்தனர். பர்மாவில் நெல்நிலங்களுக்குக் கடன் கொடுத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், கடன் திரும்பாத நிலையில் அந்நிலங்களையே ஏற்க நேர்ந்தது. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் வந்து சேர்ந்தது. மலேயாத் தோட்டங்கள் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளரைத் திருப்பியனுப்பின. கடல்கடந்து வந்த பணம் குறைய, வேலை தேடும் கைகள் ஊரில் பெருகின.

இந்நிலையில் குடும்பங்களிடம் எஞ்சியிருந்தது தங்கம். 1931-க்கு முன் தோலா ஏறத்தாழ 21 ரூபாயாக இருந்த தங்கம், ஸ்டெர்லிங்கின் வீழ்ச்சிக்குப்பின் ஏறத் தொடங்கி 1930-களின் நடுவில் 35 ரூபாயை ஒட்டி விற்றது. எல்லாப் பொருளும் விலை குறைந்தபோது தங்கம் மட்டும் விலை ஏறியது. தென்மாவட்டப் பெண்களின் காதுகளில் தொங்கிய பாம்படமும் தண்டட்டியும், கழுத்துச் சங்கிலிகளும் வரிக்காகவும் வட்டிக்காகவும் உருகின. 1931 முதல் போர் தொடங்கும் வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான தங்கத்தின் மதிப்பு 300 கோடி ரூபாய்க்கும் மேல். இலண்டனில் இது இந்தியாவின் வளமைக்கு அடையாளமாகப் பேசப்பட்டது. ஊரில் இது தலைமுறைச் சேமிப்பின் கரைவு. பெண்ணுக்குரிய சீர்ப்பொருளே குடும்பத்தின் இறுதிக் காப்பீடாக இருந்தமையால், மந்தத்தின் சுமையில் ஒரு பகுதி பெண்களின் உடைமையிலிருந்து செலுத்தப்பட்டது என்று கூறுவது பொருந்தும்.

5. 1938-ஆம் ஆண்டின் கடன் நிவாரணச் சட்டம்

1937 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரசு வென்றது. இராமநாதபுரம் மாவட்டத்தின் சாத்தூர்த் தொகுதியிலிருந்து காமராசர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1937 சூலையில் இராஜாஜி தலைமையில் அமைந்த அரசு, 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் அடிப்படைக் கூறுகள் மூன்று. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனுக்கு 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியாகும். முதலாகவோ வட்டியாகவோ முதலைப் போல் இருமடங்கு செலுத்தியிருந்தால் கடன் முற்றிலும் தீர்ந்ததாகும். இனிமேல் வாங்கும் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு ஆறேகால் விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ரூபாய்க்கு மாதம் ஒரு பை என்பதன் ஆண்டுக் கணக்கே இந்த ஆறேகால். 192 பை ஒரு ரூபாய் ஆதலின், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பை அவ்விழுக்காடாகிறது.

1928-இல் 12 விழுக்காடு தனிவட்டிக்கு 200 ரூபாய் வாங்கி எதுவும் கட்ட இயலாத உழவர் ஒருவரைக் கொள்வோம். ஒன்பது ஆண்டுகளில் வட்டி மட்டும் 216 ரூபாய், மொத்தம் 416. சட்டத்தின்படி அவர் கட்டவேண்டியது முதலாகிய 200 மட்டுமே. நீதிமன்றத் தீர்ப்பு ஏற்பட்டுவிட்ட கடன்களுக்கும் இக்குறைப்புப் பொருந்தியதால், இத்தகைய மனுக்கள் முன்சீப் நீதிமன்றங்களுக்கு வந்தன. திருவில்லிபுத்தூர் போன்ற நீதிமன்ற ஊர்கள் மந்தத்தின் கணக்குத் தீர்க்கும் இடங்களாயின.

ஆயினும் இச்சட்டத்தின் எல்லை அதன் வரையறையிலேயே இருந்தது. ‘விவசாயி’ என்பவர் விற்கத்தக்க நிலவுரிமையோ, குத்தகை உரிமையோ உடையவராக இருத்தல் வேண்டும். வருமான வரி செலுத்திய செல்வர் விலக்கப்பட்டனர் என்பது உண்மை. அதே வரையறை, பிறர் நிலத்தில் நாட்கூலிக்கு உழைத்த நிலமற்றவரையும் விலக்கியது. உழவில் முதுகு வளைந்தவர் சட்டத்தின் கண்ணில் விவசாயி ஆகவில்லை. நெசவாளரின் நூற்கடனும் அவர் நிலமுடையவரல்லராயின் இதன் பாதுகாப்புக்கு வெளியே நின்றது.

சட்டத்தின் மற்றொரு விளைவு கடன் சந்தையில் தெரிந்தது. வட்டிக்குக் கொடுத்த பணம் சட்டத்தால் வெட்டப்படலாம் என்னும் அச்சமும், ஈடாகப் பெற்ற நிலத்தின் விலைவீழ்ச்சியும் சேர்ந்து, பணமுடையோர் ஊரகக் கடனிலிருந்து விலகத் தூண்டின. அப்பணம் வேறிடம் தேடியது.

6. நிலத்திலிருந்து கதிருக்கு

அது தேடிய இடங்களுள் ஒன்று நூற்பாலை. தென்தமிழகத்தில் நூற்பாலைகள் புதியவை அல்ல. 1880-களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும், 1892-இல் மதுரையிலும் ஹார்வி நிறுவனத்தார் ஆலைகளை நிறுவியிருந்தனர். அவை ஐரோப்பியருடையவை. 1930-களில் தோன்றியவை பெரும்பாலும் உள்ளூர் முதலில் எழுந்தவை. கோயம்புத்தூரில் இவ்வகை ஆலைகள் பெருகின. இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா (1894–1962) 1936-இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

இந்த ஆண்டு தற்செயலானதன்று. நான்கு காரணங்கள் அதனை விளக்கும். முதலாவது, பருத்தி மலிவு: உழவருக்குத் துன்பமாக இருந்த விலைவீழ்ச்சி, பஞ்சை வாங்கும் ஆலைக்கு ஆதாயம். இரண்டாவது, சுங்கக் காப்பு: 1930-இல் தொடங்கிய பருத்தித் துணிப் பாதுகாப்புச் சட்டமும், 1933-இல் பிரித்தானியம் அல்லாத துணிகள்மீது 75 விழுக்காடு வரை உயர்ந்த சுங்கமும் சப்பானியப் போட்டியை மட்டுப்படுத்தின. 1934 உடன்பாட்டில் அது 50 விழுக்காடாகக் குறைந்தபோதும் காப்பு தொடர்ந்தது. மூன்றாவது, மின்னாற்றல்: 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டமும், 1937-இல் மேட்டூரும் இயங்கத் தொடங்கியதால் நிலக்கரி இல்லாத தென்மாவட்டங்களில் தொழில் தொடங்குவது எளிதாயிற்று; தாமிரபரணியின் பாபநாச மின்திட்டம் 1944-இல் இதனோடு சேர்ந்தது. நான்காவது, முதல்: நிலத்திலும் கடனிலும் ஆதாயம் இழந்த பணம் பங்குகளாக மாற ஆயத்தமாக இருந்தது.

பங்கு நிறுவனம் என்னும் அமைப்பே இங்கே ஒரு சமூக மாற்றம். வட்டிக்குக் கொடுக்கும் பணம் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையிலான தனியுறவு. பங்கில் இட்ட பணமோ முகமறியாத பலரின் சிறுதொகைகளோடு சேர்ந்து ஒரு நிறுவனமாகிறது. கண்மாய் மராமத்துக்குக் கூடிப் பழகிய நிலவுடைமைச் சமூகம், அவ்வுறவு வலையையே நிறுவன முதலுக்கு அடித்தளமாக்கிக் கொண்டது. இராஜபாளையத்தில் ஆலை முதலாளி வெளியிலிருந்து வந்தவரல்லர், நிலத்திலிருந்து எழுந்தவர். இவ்வகையில் மந்தம் அவ்வூரின் முதலை அழிக்கவில்லை, இடம் மாற்றியது.

தொழிலாளரும் நிலத்திலிருந்தே வந்தனர். 1934-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வேலைநேரத்தை வாரத்துக்கு 54 மணியாக வரையறுத்தது. பருவகால ஆலைகளாகிய பஞ்சு அரவை ஆலைகளுக்கு 60 மணி. மழையை நோக்கி வாழ்ந்தவர் சங்கொலியை நோக்கி வாழப் பழகினர்.

7. தறியின் நிலை

ஆலைக்கு ஆதாயமாக அமைந்த அதே கொள்கை தறிக்கு இருமுனைக் கத்தியாயிற்று. அயல்நாட்டுத் துணிக்குச் சுங்கம் விதித்தது நெசவாளருக்கும் நன்மையே. அயல்நாட்டு நூலுக்கு விதித்த சுங்கமோ அவருடைய மூலப்பொருளை விலையேற்றியது. நூலை விற்பது ஆலை, வாங்குவது தறி. திருவில்லிபுத்தூரிலும் சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களிலும் பாவும் ஊடையும் ஆலைநூலாகவே இருந்தமையால், ஆலையின் வாழ்வும் தறியின் வாழ்வும் ஒரே நூலில் எதிரெதிர் முனைகளில் நின்றன. துணியின் விலை வீழ்ந்தபோது அவ்வீழ்ச்சி முதலில் நெசவாளரின் கூலியில் இறங்கியது. தறிமுதலாளியிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்தவருக்கு வேறு வழியில்லை.

இதனை அரசு உணராமலில்லை. 1934 முதல் நடுவண் அரசு ஆண்டுதோறும் ஐந்து லட்சம் ரூபாயளவில் கைத்தறிக்கு மானியம் வழங்கியது. 1935-இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் என அறியப்பட்டது இதுவே. நாடு முழுவதிலும் பல லட்சம் தறிகளுக்குப் பகிர்ந்தால் அம்மானியம் தறி ஒன்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஆயினும் நூலைச் சங்கத்தில் பெற்றுத் துணியைச் சங்கத்துக்கே கொடுக்கும் அமைப்பு, தறிமுதலாளியின் பிடியைத் தளர்த்துவதற்கான முதல் கருவியாயிற்று. நெசவாளரின் மீட்சிக்கு மந்தக்காலம் விட்டுச்சென்ற நிலையான கொடை இவ்வமைப்புத்தான்.

8. போர்க்காலம்: மிகுந்த பணம், குறைந்த பொருள்

1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. மக்கள் பேராளரைக் கேளாமல் இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்து அக்டோபர் இறுதியில் சென்னைக் காங்கிரசு அரசு பதவி விலகியது. இராணுவத்துக்கான துணி, கூடாரம், கட்டுத்துணி ஆகியவற்றின் தேவை ஆலைகளை இடைவிடாது இயக்கியது. 1939-இல் இராஜபாளையத்தில் இராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் தோன்றியது. பஞ்சின் இழைமேல் இயற்கையாக உள்ள மெழுகை நீக்கி வெளுத்தால்தான் அது குருதியை உறிஞ்சும். அவ்வகை மருத்துவப் பஞ்சும் கட்டுத்துணியும் போர்க்காலத்தில் பெருந்தேவையாயின. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி இன்றளவும் மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்று விளங்குகிறது.

1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றது. பத்தாண்டுக்கு முன் நெல்விலையைக் கெடுத்த அந்த அரிசியின் இன்மை இப்போது உணவைக் கெடுத்தது. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் தரைவழியே நடந்து திரும்பினர். பிரித்தானிய அரசின் போர்ச்செலவை இந்தியா ரூபாயில் செலுத்த, அதற்கு ஈடாக இலண்டனில் ஸ்டெர்லிங் கணக்கு ஏறியது. இங்கே அச்சிட்ட நோட்டுகளின் புழக்கம் போர்முடிவுக்குள் ஏறத்தாழ ஆறு மடங்காயிற்று. 1943-இல் மொத்த விலைகள் போருக்கு முந்தைய அளவின் இருமடங்கைத் தாண்டின. விலையேற்றத்தைத் தணிக்க அமெரிக்கா கடன்–குத்தகைத் திட்டத்தின்கீழ் 22 கோடியே 60 லட்சம் அவுன்சு வெள்ளியை இந்தியாவுக்கு அளித்தது.

விலையேற்றம் மந்தத்தைத் தலைகீழாக்கியது. பணத்தில் நிலையாக இருந்த வரியும் கடனும் இப்போது இலேசாயின. விற்க நெல்லும் பருத்தியும் உடையவர் பழைய கடனைச் சில மூட்டைகளில் தீர்த்தனர். நாராயணசாமி நாயுடு 1945-இல் நடத்திய விசாரணை, மாகாணத்தின் ஊரகக் கடன் 1939-இல் ஏறத்தாழ 272 கோடியாக இருந்து 1945-இல் 218 கோடியாகக் குறைந்தது எனக் காட்டியது. இது மேலோட்டமான செய்தி. உட்பகுப்பில் பெருநில உடைமையாளரின் கடனே மிகுதியாகக் குறைந்தது. சிறு உழவரின் குறைவு சிறிது. நிலமற்ற கூலியாளரின் கடனோ ஏறியது. விற்பதற்கு உழைப்பையன்றி வேறில்லாதவருக்கு விலையேற்றம் மீட்சியாகவில்லை.

நெசவாளர் நிலை இன்னும் இடர்ப்பாடானது. ஆலைநூல் இராணுவத் துணிக்குத் திரும்பியதால் தறிக்கு நூல் கிடைக்கவில்லை. பி. ஜே. தாமசு தலைமையில் அமைந்து 1942-இல் அறிக்கையளித்த உண்மையறியும் குழு கைத்தறியின் நலிவையும் நூல் வணிகத்தின் இடைத்தரகையும் பதிவு செய்தது. 1943 சூனில் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நூல் அனுமதிச் சீட்டுக்குரிய பொருளாயிற்று. கறுப்புச் சந்தையும் உடன் பிறந்தது. சீட்டு வைத்திருந்தவர் நெய்யாமலே ஆதாயம் பெற, நெய்யத் தெரிந்தவர் தறியை நிறுத்தினார்.

ஆலைத் தொழிலாளருக்கு விலைவாசியை ஒட்டிக் கூடுதல் படி கிடைத்தது. அதற்குத் தமிழ்த் தொழிலாளர் வழங்கிய பெயர் ‘பஞ்சப்படி’. நோட்டு மிகுந்து பொருள் குறைந்த ஒரு காலத்தை உழைக்கும் மக்கள் பஞ்சம் என்றே அடையாளம் கண்டனர் என்பதை இச்சொல் பதிவு செய்கிறது. அப்படி வயற்கூலிக்கு இல்லை.

9. அமெரிக்க மீட்சியோடு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் 1933-இல் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் நிறைவேறிய வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம், பருத்திப் பரப்பைக் குறைத்து விலையை உயர்த்தும் நோக்குடையது. ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர்ப் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. இழப்பீடு நிலவுடைமையாளரிடம் சேர்ந்தது. வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பங்கள், அவர்களுள் பலர் கறுப்பினத்தவர், நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1934-இல் ஆர்க்கன்சாசில் தோன்றிய தென்மாநில வாரக்குடியானவர் சங்கம் இதற்கு எதிராக எழுந்தது. நிலமுடையவரை ‘விவசாயி’ என வரையறுத்த 1938-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்திலும் இதே இடைவெளி இருந்ததைக் கண்டோம். இரு நாடுகளிலும் உதவி நிலத்தின் வழியே சென்றது. நிலமில்லாதவரிடம் அது சேரவில்லை.

வேறுபாடுகளும் உண்டு. அமெரிக்க அரசு பொதுப்பணிகளுக்குப் பெருந்தொகை செலவிட்டது. டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம் அணையும் மின்சாரமும் தந்தது. சென்னை மாகாணத்தில் பைக்காராவும் மேட்டூரும் இதற்கு இணையாகத் தோன்றினும், அவை மந்தத்துக்கு முன்பே திட்டமிடப்பட்டவை. வேலையளிக்கும் கொள்கையின் பகுதியாக எழுந்தவை அல்ல. அமெரிக்காவில் 1939-இலும் 17 விழுக்காட்டளவு நீடித்த வேலையின்மை 1944-இல் ஒன்றரை விழுக்காட்டுக்கும் கீழ் இறங்கியது. போர் அங்கே உழைப்பாளரின் கூலியை உயர்த்தியது. இங்கே போர் ஆலையை உயர்த்தியது. உணவையும் நூலையும் பறித்தது. போர்ச்செலவைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே இவ்வேறுபாட்டின் வேர்.

10. முடிவுரை

இவ்வாய்வில் பெறப்படும் முடிபுகள் வருமாறு. மந்தம் இவ்வட்டாரத்தைத் தாக்கியது விளைச்சலின் வழியாக அன்று. விலை, வரி, கடன் ஆகிய பணவுறவுகளின் வழியாக. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் நிலமுடைய கடனாளிக்கு மெய்யான விடுதலை அளித்தது. நிலமற்றவரைத் தன் வரையறையாலேயே விலக்கியது. நிலத்திலிருந்து விலகிய முதல், மலிந்த பருத்தி, சுங்கக் காப்பு, மின்னாற்றல் ஆகியவற்றின் துணையோடு இராஜபாளையத்தில் ஆலையாக உருக்கொண்டது. போர் அதனை நிலைப்படுத்தியது. 1957-இல் அதே தொழிற்குழுவினர் சிமெண்டுத் துறையில் இறங்கியதற்கும் இக்காலமே அடித்தளம். திருவில்லிபுத்தூரின் தறிகளோ சுங்கத்தாலும் நூற்பஞ்சத்தாலும் இருமுறை நலிந்து, கூட்டுறவு என்னும் ஒரு கருவியை மட்டும் ஈட்டின.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை வகித்த பூ. ச. குமாரசுவாமி ராஜா 1898-இல் இராஜபாளையத்தில் பிறந்தவர். அவர் பொறுப்பேற்றபோது ஜமீன் ஒழிப்பும் உணவுப் பங்கீடும் கைத்தறி நூலும் இன்னும் தீராத சிக்கல்களாகவே அரசின் முன் நின்றன. மந்தமும் போரும் விட்டுச்சென்ற கணக்குகள் அவை. ஒரு நாட்டின் மீட்சியை விலைக்குறியீட்டாலும் ஆலைக்கதிர்களின் எண்ணிக்கையாலும் மட்டும் அளப்பது போதாது. அக்கணக்கில் பெயரே இடம்பெறாதவர் எவ்வளவு காலம் காத்திருந்தனர் என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். இவ்விரு ஊர்களின் வரலாறு வலியுறுத்தும் உண்மை இதுவாகும்.